ஐந்தருவியில தண்ணி விழுதா, டீச்சர்?

போன வாரம் இரண்டு நாட்கள், முன்பின் தெரியாத ஊர்க்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுத் தொந்தரவு செய்துகொண்டிருந்தேன்.

"வணக்கங்க, நீங்க சிவகாசிக்காரரா?"

"லோனெல்லாம் வேண்டாம்." டொக்.

"சார், நான் லோன் ஆள் இல்லை. நீங்க சிவகாசியான்னு மட்டும்…"

"பட்டாசா? தீபாவளிக்கு இன்னும் நாள் கிடக்கே." டொக்.

ஒரு அம்மா, "உங்களை மாதிரி ஆளுங்களைப் பிடிச்சு உள்ள போடணும்" என்றார். எனக்குக் கோபமே வரவில்லை. அதே வசனத்தை அதற்கு முந்தைய வாரம் வரை நானே பலரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் என் நம்பர் யாருடைய செல்போனிலோ சிவப்பு நிறத்தில், 'ஸ்பேம் ஆக இருக்கலாம்' என்று காட்டியதாம். எடுத்தவரே சொன்னார்.

எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்கிறீர்களா? எல்லாம் என் அக்கா வீட்டு டெலிபோனுக்கு நான் போட்ட பூட்டால் வந்தது.

அக்கா மேலகரத்தில் இருக்கிறாள். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில், இரண்டு ஊருக்கும் சாலை போகிற வழியில், எங்கள் அப்பா கட்டிய வீடு. அக்கா பெயர் உலகம்மாள். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சொன்னபடியே இருந்துவிட்டாள். தனியாகத்தான் இருக்கிறாள். "தனியா இருக்கேன்னு எவம்லே சொன்னது?" என்று கேட்பாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இந்த வருஷம்தான் புரிந்தது.

வெயில் காலத்தில் ஒரு மத்தியானம் பக்கத்துக் கடை ஜெபமணி அண்ணாச்சி எனக்கு போன் செய்தார். மளிகைக் கடை. எங்கள் வீட்டுக்கு ஒரு சுவர் தள்ளி. அவர் சும்மா போன் செய்கிற ஆள் இல்லை.

"தம்பி, பதறாதீக. டீச்சருக்கு ஒண்ணுமில்ல. ஆனா நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

நடந்தது இது. காலையில் ஒருவன் லேண்ட்லைனில் கூப்பிட்டிருக்கிறான். தன்னைப் பெரிய போலீஸ் அதிகாரி என்று சொல்லியிருக்கிறான். அக்கா பெயரில் ஏதோ பார்சல் பிடிபட்டிருக்கிறதாம், அதில் கூடாத பொருள் இருக்கிறதாம். ரிசீவரைக் கீழே வைக்கக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது, வைத்தால் அரெஸ்ட்.

முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பறையைக் கட்டி மேய்த்தவள். அவள் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, ரிசீவரைக் காதில் வைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிடவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை. கடைக்கு வரவேண்டியவளைக் காணோமே என்று அண்ணாச்சி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், விரலை உதட்டில் வைத்து, "பேசாதீக அண்ணாச்சி, போலீஸ் லைன்ல இருக்காக" என்று கிசுகிசுத்திருக்கிறாள்.

அண்ணாச்சி பின்வாசல் வழியாகப் போய் ரிசீவரைப் பிடுங்கி, என்னிடம் திருப்பிச் சொல்லக்கூட மறுத்துவிட்ட வார்த்தைகளில் பேசியிருக்கிறார். அடுத்த நிமிஷம் லைன் கட்.

அவன் பேங்க் விவரம் கேட்கும் கட்டத்துக்கு வந்திருந்தானாம். ஒன்றும் போகவில்லை. ஆனால் நான் போய்ப் பார்த்தபோது அக்காவிடமிருந்து ஏதோ போயிருந்தது. போன் மணி அடித்தால் கை நடுங்கியது.

"எனக்கே ஒண்ணும் ஓடலைலே. பொய்யின்னு உள்ளுக்குள்ள தெரியுது. ஆனா வைக்க முடியலை. நான் இப்படி ஆயிட்டனேன்னுதான்…" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போனை எடுத்துருவோமாக்கா? செல்போன்தான் இருக்கே."

"வேண்டாம்லே. அப்பா வச்ச போனு."

அந்த போன் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விண்ணப்பித்து வருஷக்கணக்கில் காத்திருந்து கிடைத்தது. தெருவில் முதல் போன். சிவப்பு நிறம், சுற்றுகிற டயல். அம்மா அதற்கு ஒரு பூப்போட்ட துணி தைத்துப் போர்த்தினாள். அப்பா பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க். முதல் மணி அடித்தபோது சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துதான் எடுத்தார்!

"ஹலோ, லாட்ஜா? ரூம் இருக்கா?"

ராங் நம்பர். எங்கள் நம்பரின் கடைசி இரண்டு எண்களை இடம் மாற்றினால் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ். சாரல் சீசன் வந்தால் போதும்… மதுரையிலிருந்து, விருதுநகரிலிருந்து, ராமநாதபுரத்திலிருந்தெல்லாம் ரூம் கேட்பார்கள். முதல் வருஷம் அப்பா எரிந்து விழுந்தார். இரண்டாம் வருஷம் சரியான நம்பரைச் சொன்னார். மூன்றாம் வருஷம் அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ரூம் கேட்பவர்கள் உண்மையில் கேட்க விரும்புவது ரூமை அல்ல.

"ராங் நம்பருதான். ஆனா கேட்டுட்டீக, சொல்லுதேன். நேத்தையில இருந்து நல்ல சாரல். மெயினருவியில பாதுகாப்பு ஆர்ச்சைத் தொட்டு விழுது. இன்னைக்குக் குளிக்க விட மாட்டான். நாளைக்குக் கழிச்சு வாங்க."

இதற்காக அவர் அருவிக்குப் போகவேண்டியதில்லை. வாசலில் நின்று மலையைப் பார்ப்பார். மேகம் இறங்கி மலை காணாமல் போயிருந்தால் நல்ல தண்ணீர். அப்புறம் சாலையைப் பார்ப்பார். குளித்துவிட்டுத் திரும்புகிற வேன்களில் தலை துவட்டாமல் ஜன்னலில் சாய்ந்து வருகிறார்களா, அல்லது காய்ந்த தலையோடு உம்மென்று வருகிறார்களா? அவ்வளவுதான். செய்தி தயார்.

நாங்கள் சிரிப்போம். அம்மா, "கவர்மெண்டு சம்பளத்துக்கு இந்த வேலையும் சேத்தியா?" என்பாள். அவர் கண்டுகொள்ள மாட்டார். மழை நாளில், ஜன்னல் பக்கம் போனை இழுத்து வைத்துக்கொண்டு, ஏதோ ஒரு ஊரில் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிற யாரோ ஒருவருக்கு அவர் எங்கள் ஊர் மழையைச் சொல்லிக்கொண்டிருந்த குரல்… அந்தக் குரலில் அத்தனை பெருமை இருக்கும், தண்ணீரை அவரே மேலிருந்து திறந்துவிட்ட மாதிரி.

அந்த லாட்ஜை இடித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அப்பாவும் போய்விட்டார். ராங் நம்பர் மட்டும் நிற்கவில்லை. அக்கா அதைத் தொடர்ந்து எடுக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். 'ராங் நம்பர்' என்று சொல்லி வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்திருந்தேன். சென்னைக்குப் போனவன் வேறென்ன நினைப்பான்?

சரி, பூட்டுக்கு வருகிறேன்.

பழைய செம்புக் கம்பி லைன் போய், இப்போது பைபர் இன்டர்நெட். அதோடு உள்ளங்கை அளவில் ஒரு கருப்புப் பெட்டி. போன் அடாப்டர் என்கிறார்கள். வீட்டு போனை அதில் சொருகினால் பழைய நம்பரிலேயே இன்டர்நெட் வழியாகப் பேசலாம். அந்தப் பெட்டிக்குள் ஒரு பெரிய நிர்வாகமே நடக்கிறது. யார் கூப்பிட்டால் மணி அடிக்கலாம், யாருக்கு அடிக்கக் கூடாது, யாரை எங்கே திருப்பிவிடலாம்… எல்லாவற்றையும் நாமே முடிவு செய்யலாம்.

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து, பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டை அக்காவின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு படித்து, உள்ளே போனேன். பக்கம் முழுக்க கட்டங்கள்.

"ஏக்கா, தெரிஞ்சவங்க நம்பரை மட்டும் சொல்லு. அவங்க கூப்பிட்டா மட்டும் உனக்கு மணி அடிக்கும்."

"மத்தவுக?"

"மத்த எல்லாம் என் செல்லுக்கு வந்துரும். நான் பேசிக்கிடுதேன்."

சென்னையில் எத்தனை வருஷம் இருந்தாலும், மேலகரத்து நாற்காலியில் உட்கார்ந்தால் 'பேசிக்கிடுதேன்' தானாக வந்துவிடுகிறது.

அக்கா யோசித்தாள். நான், என் மனைவி, ஜெபமணி அண்ணாச்சி, டாக்டர், கேஸ் ஏஜென்சி, கூட வேலை பார்த்த டீச்சர்கள் சிலர். "வேற யாரு?" என்றேன். ஏதோ சொல்ல வந்தாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அவள் தோள் தூக்கிப்போட்டதைப் பார்த்தேன். வங்கி விளம்பரம்தான். வைத்துவிட்டு, "எல்லாத்தையும் நீயே பாத்துக்கோலே. எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒரு கட்டத்தில் டிக். இன்னொரு கட்டத்தில் என் செல் நம்பர். சேவ்.

என்ன ஒரு திருப்தி, தெரியுமா? அக்காவைச் சுற்றிக் கோட்டைச் சுவர் கட்டிவிட்ட மிதப்பில் சென்னைக்கு ரயிலேறினேன்.

அதன் பிறகு அக்கா வீட்டு அழைப்புகள் என் சட்டைப்பையில் அடிக்க ஆரம்பித்தன. லோன், ஃப்ளாட், கிரெடிட் கார்டு. ஒரு தடவை அதே போலீஸ் அதிகாரி கூட வந்தான். ஜெபமணி அண்ணாச்சியை நினைத்துக்கொண்டு நானும் கொஞ்சம் பேசினேன்.

சாரல் ஆரம்பித்தது. அது எனக்கு எப்படித் தெரியும்? என் போன் சொன்னது.

தண்ணீர் லாரிக்காகத் தெருவில் குடத்தோடு நிற்கிறேன். வேர்வை கொட்டுகிறது. போன் அடிக்கிறது.

"அண்ணே, ஐந்தருவியில தண்ணி எப்படி விழுது?"

"ராங் நம்பர்."

தியேட்டரில், பல் டாக்டரிடம், கல்யாணப் பந்தியில்… "பழைய அருவியில குளிக்க விடுறாங்களா?" "ராங் நம்பர்." "டீச்சர் இல்லைங்களா?" "ராங் நம்பர்!"

ஆமாம், அப்படியும் சிலர் கேட்டார்கள். டீச்சர் என்று. நான்தான் காதில் வாங்கவில்லை. வெடுக்கென்று பேசிப் பேசி எனக்கு அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது.

இரண்டு வாரம் முன்பு அக்கா கூப்பிட்டாள். சுற்றி வளைத்துப் பேசினாள். ரம்புட்டான் பழம் வந்துவிட்டது, அண்ணாச்சிக்கு மூட்டு வலி, மொட்டைமாடியில் பாசி வழுக்குகிறது…

"ஏலே, போனு நல்லா வேலை செய்யுதா?"

"இப்போ பேசிக்கிட்டுத்தானக்கா இருக்கோம்?"

"இல்ல… சீசன் ஆரம்பிச்சு இத்தனை நாளாச்சு. ஒருத்தரும் பேசலை."

"தெரியாத நம்பரெல்லாம் எனக்குத்தான வருது? நிறைய வந்துச்சு. ராங் நம்பர்னு சொல்லிட்டேன்."

மறுமுனையில் ஏதோ பாத்திரத்தை டக்கென்று கீழே வைத்த சத்தம்.

"அது கள்ளப்பயலுவளுக்குத்தானலே? இவுகளையுமா?"

"பெட்டிக்கு வித்தியாசம் தெரியாதுக்கா."

"பெட்டிக்குத் தெரியாது. ஒனக்குமாலே தெரியாது?"

அவளே மெதுவாகக் கேட்டாள். "சிவகாசிக்காரக பேசினாகளா? வயசானவுக. 'டீச்சர்'னுதான் ஆரம்பிப்பாக. மொதச் சாரலுக்கே கூப்பிட்டுருவாக. இந்த வருசம் காணலையேன்னு… ஆளுக்கு என்னமும் ஆயிட்டோன்னு நான் பாட்டுக்கு நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன்."

"அவர் நம்பர் இருக்கா?"

"எங்கன இருக்கு? இந்தப் போன்ல நம்பரா தெரியுது? அவுகதான் கூப்பிடுவாக. பேரு தங்கராசுன்னு ஒரு தடவை சொன்னாக. அவ்வளவுதான்."

வைத்துவிட்டாள். நான் என் போனை எடுத்து, வந்த அழைப்புகளைத் தள்ளிக்கொண்டே போனேன். பெயரில்லாத எண்கள். நீளமாக, வரிசையாக… இவற்றில் எது சிவகாசி? செல் நம்பருக்கு ஊர் ஏது? ஒவ்வொன்றாகக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

மனதைத் தேற்றிக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆயிற்று. அப்புறம்தான் இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன திருப்பணி. வைதவர்கள், வைத்தவர்கள், எடுக்கவே மறுத்தவர்கள். இரண்டாம் நாள் முடிகிற நேரத்தில் ஒருவர் எடுத்தார். நிதானமான குரல்.

"ஆமா சார், சிவகாசிதான். தங்கராசு. பிரிண்டிங் பிரஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். நீங்க யாரு?"

"மேலகரத்து டீச்சரோட தம்பி."

"அப்படிங்களா…" என்றார். பிறகு, "கேள்விப்பட்டேன் சார். ரொம்ப வருத்தம்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "என்ன கேள்விப்பட்டீங்க?"

அவர் சொன்னார். முதல் சாரலுக்கு வழக்கம்போலக் கூப்பிட்டிருக்கிறார். ஆண் குரல் 'ராங் நம்பர்' என்றது. மறுபடி கூப்பிட்டார். அதே குரல். டீச்சர் இருக்கிற வரை அந்த நம்பரில் வேறு குரல் வந்ததில்லை. மனசு கேட்கவில்லை. மகனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி மேலகரத்துக்கே வந்துவிட்டார்.

"ஊரு மேலகரம்னு உங்க அப்பா சொல்லியிருக்கார். வீடு தெரியாது சார். மூஞ்சி தெரியாது. பேரு கூடத் தெரியாது, டீச்சர்னுதானே கூப்பிடுவேன்? அங்க வந்து கேட்டா, எந்த டீச்சர்ங்கிறாங்க. தெருவுக்குத் தெரு ரிட்டயர் ஆன டீச்சர் இருக்காங்க உங்க ஊர்ல. சுத்திக்கிட்டே வர்றப்ப, முக்குல ஒரு போஸ்டர். கண்ணீர் அஞ்சலி. ஓய்வு பெற்ற ஆசிரியைன்னு போட்டிருந்துச்சு. போட்டோவைப் பாத்தேன். நல்ல சிரிச்ச முகம். இவங்கதான்னு எனக்குத் தோணிருச்சு சார். அங்கயே செருப்பைக் கழட்டிட்டுக் கும்பிட்டேன். அருவிக்குக்கூடப் போகலை. அடுத்த பஸ்ல திரும்பிட்டோம்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"சார்… அது வேற டீச்சர். அக்கா நல்லா இருக்கா."

பின்னால் யாரோ 'என்னப்பா?' என்று கேட்பது கேட்டது. பிறகு அவர், "இருக்காங்களா?" என்றார்.

"இருக்கா. உங்களுக்குத்தான் ஏதோ ஆயிருச்சோன்னு அவ கவலைப்பட்டுக்கிட்டு இருக்கா."

சிரித்தாரா, அழுதாரா? போனில் இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கிறது. பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கல்யாணமான புதுசுல ரூம் கேட்டு ராங் நம்பர் போட்டேன் சார். உங்க அப்பாதான் எடுத்தார். அப்புறம் வருஷா வருஷம் அவர்கிட்டக் கேட்டுட்டுத்தான் நானும் வீட்டுக்காரியும் கெளம்புவோம். அவருக்கப்புறம் டீச்சர். ஒரு வருஷம் வீட்டுக்காரி படுத்த படுக்கையாயிட்டா. போக முடியாதுன்னு ஆயிருச்சு. 'தண்ணி விழுதான்னாவது கேளுங்க'ன்னா. டீச்சர்கிட்டச் சொன்னேன். 'நாளைக்கு இதே நேரத்துக்குக் கூப்பிடுங்க, பாத்துட்டு வந்து சொல்லுதேன்'னாங்க. ஆட்டோ பிடிச்சு அருவிக்குப் போய்ப் பாத்துட்டு வந்திருக்காங்க சார். மறுநாள் ரிசீவரை அவ காதுல வச்சேன். டீச்சர் என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது. இவ கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டே இருந்தா. முடிஞ்சதும், 'தலை நனைஞ்ச மாதிரி இருக்குங்க'ன்னா. அந்த மாசமே போயிட்டா. அதுக்கப்புறம் நான் குற்றாலத்துக்கே வந்ததில்லை. ஆனா வருஷா வருஷம் கேப்பேன். சும்மா… தண்ணி விழுதான்னு."

இந்த மனிதருக்குத்தான் நான் இரண்டு தடவை ராங் நம்பர் சொல்லியிருக்கிறேன்.

அந்த வார இறுதியில் மேலகரம் போனேன். அக்காவிடம் போஸ்டர் கதையைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. "ஏலே, உயிரோட இருக்கையிலேயே எனக்கு போஸ்டர் ஒட்டிட்டியேலே!" என்றாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தம்மாகிட்ட அன்னைக்கு என்ன சொன்னக்கா?"

"தண்ணி எப்படி விழுதுன்னு கேட்டாக. சொன்னேன். அதெல்லாம் இப்ப எதுக்குலே?"

லேப்டாப்பைத் திறந்தேன். இந்தத் தடவை அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன அர்த்தம் என்று கேட்டாள். கணக்கு டீச்சர் ஆயிற்றே!

நம்பரை மறைத்துக்கொண்டு வருகிறவர்களுக்குத் தடை. வெளிநாட்டு எண்களுக்குத் தடை. நூற்று நாற்பதில் ஆரம்பிக்கிற விளம்பர எண்களுக்குத் தடை. என் செல்லுக்குத் திருப்பிவிடுவது ரத்து. "அதை மொதல்ல எடு" என்றாள்.

"தெரியாதவங்க?"

"வரட்டும்."

"அந்தப் போலீஸ்காரன் வந்தா?"

கொஞ்சம் யோசித்தாள். "போன்ல மிரட்டுனா வைக்கணும், கேட்டா சொல்லணும். அவ்வளவுதானலே? அன்னைக்கு அது தெரியலை. இப்போ தெரியுது." கை மேசைமேல் அசையாமல் இருந்தது.

ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. பெட்டியில் இன்னொரு வசதியும் இருந்தது. கூப்பிடுகிறவருக்கு முதலில் நாம் பதிவு செய்த குரல் கேட்கும். அவர் ஒரு எண்ணை அமுக்கினால்தான் இங்கே மணி அடிக்கும். தானாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விளம்பரம் படிக்கிற இயந்திரங்கள் எதையும் அமுக்காது. "நீயே பேசுக்கா" என்றேன்.

முதல் தடவை, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வரவேற்புரை மாதிரி இருந்தது. இரண்டாவது தடவை நடுவில் ஜெபமணி அண்ணாச்சி, "டீச்சர், பால் பாக்கெட்டு!" என்று குரல் கொடுத்துவிட்டார். மூன்றாவது தடவை அக்கா பேப்பரைத் தள்ளி வைத்துவிட்டு, சாதாரணமாகப் பேசினாள். அது இப்போது அந்த நம்பரைக் கூப்பிடுகிற எல்லோருக்கும் கேட்கிறது.

"வணக்கம். இது லாட்ஜ் இல்ல, வீடு. அருவியில தண்ணி விழுதான்னு கேக்கணும்னா, ஒண்ணை அமுக்குங்க. நான் வாரேன்."

சேவ்.

சிவகாசிக்குச் செய்தி அனுப்பினேன். அப்புறம் இருவரும் காத்திருந்தோம். அக்கா காய் நறுக்கினாள். நறுக்கின காயையே மறுபடி நறுக்கினாள். நான் பேப்பர் படிப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தேன்.

மணி அடித்தது. யாரோ, எங்கேயோ, ஒன்றை அமுக்கியிருக்கிறார்.

அக்கா உடனே ஓடவில்லை. கையைக் கழுவினாள். துடைத்தாள். முந்தானையைச் சரி செய்துகொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்துதான் எடுத்தாள்.

"ஆரு?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை.

"இருக்கேன்… இருக்கேன். நல்லாத்தான் இருக்கேன்." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "பேரு தெரியாமத்தான யாரையோ கும்பிட்டுட்டுப் போயிருக்கீக? என் பேரு உலகம்மா. உ-ல-க-ம்-மா. ஞாபகத்துல வச்சுக்கோங்க."

அப்போதுதான் நான் அங்கே நிற்பதைப் பார்த்தாள். ரிசீவரைக் கையால் மூடி, "ஏலே, இங்கன என்ன வேலை ஒனக்கு? அண்ணாச்சி கடைக்குப் போயிட்டு வா" என்றாள்.

போனேன். அண்ணாச்சியோடு ஒரு டீ குடித்தேன். ஊர்க்கதை பேசினேன். இன்னொரு டீயும் குடித்துவிட்டுத் திரும்பி வந்து வாசலில் நின்று கேட்டால், உள்ளே அக்கா சிரித்துக்கொண்டு பேசுகிற சத்தம் இன்னும் கேட்கிறது.

இத்தனைக்கும் சாரல் ஓய்ந்துபோய், அன்றைக்கு அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வெறும் பாறைதான்!